செம்மணல் தேரியில் கோடைக் கொண்டாட்டம்

பரீட்சை முடிந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பூட்டும் போட்டாயிற்று. இனிமேல் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில், மாலை வேளையில், திருச்செந்தூர் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பெட்டியும் பையுமாகத் தாய்மார்கள்; ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடும் பிள்ளைகள். மளிகைக் கடையை ஒரு வாரத்துக்குத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும் தகப்பனார்கள் வேறு.

உடன்குடி, சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம், குலசேகரன்பட்டினம் என்று தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கோடியிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனவர்கள் ஏராளம். அவர்கள் அங்கே வீடு வாங்கியிருக்கலாம், கார் வாங்கியிருக்கலாம். ஆனாலும் சித்திரை பிறந்தால் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. "ஆச்சி தேடுவா" என்பது ஒரு காரணம். "நாலு சுவருக்குள் கிடந்து பையன் வெளிறிப் போனான்" என்பது இன்னொரு காரணம்.

விடிந்து கண் விழித்தால் வண்டி தாமிரபரணியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வரும்போது இரு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். உப்பு விளைவதற்கு இதுதான் நல்ல காலம். "ஐஸா தாத்தா அது?" என்று கேட்கும் பட்டணத்துக் குழந்தை வருடா வருடம் ஒன்றாவது இருக்கும்!

<b>சிவப்பு மலையா, மணலா?</b>

கடற்கரை என்றதும் மெரீனாவைப் போலப் பரந்த வெள்ளை மணல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இந்தப் பக்கத்து விசேஷம் வேறு. கடலை விட்டு உள்ளே சிறிது தூரம் வந்தால், குங்குமத்தைக் கொட்டி வைத்தது போலச் செக்கச் செவேலென்று மணல் மேடுகள். மேடு என்றால் சாதாரண மேடு அல்ல. ஒரு மேட்டின் உச்சியில் நிற்பவர், அடியில் நிற்பவரின் கண்ணுக்குச் சிறு பொம்மை போலத் தெரிவார். இதைத்தான் தேரி என்கிறார்கள். குதிரைமொழித் தேரி அவற்றில் பேர் பெற்றது.

மணல் ஏன் சிவந்தது? ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம்! இன்று நேற்று வந்த மணல் அல்ல இது. பல்லாயிரம் வருடங்களாகக் காற்று வாரிக்கொண்டு வந்து சேர்த்தது. முன் காலத்தில் ஆடி மாதத்து மேல்காற்றில் இந்த மேடுகள் நகர்ந்து, தோட்டம் துரவுகளை மூடியதும் உண்டு. பனையையும் உடைமரத்தையும் வளர்த்துத்தான் இந்த மணலைக் கட்டிப் போட்டார்கள்.

இந்தத் தேரியில் ஏறுவதுதான் பிள்ளைகளின் முதல் சாகசம். காலை வேளையில் ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகலில் கால் வைத்தால் பொரிந்துபோகும். ஊர்ப் பிள்ளைகள் இதற்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழலுக்கு ஒரே ஓட்டம். நின்று, மூச்சு வாங்கி, பிறகு அடுத்த ஓட்டம். பட்டணத்துப் பையன் பாதி வழியில் "ஐயோ அம்மா!" என்று உட்கார்ந்து விடுவான். உட்கார்ந்த இடத்தில் உடைமுள் குத்தும்! வெள்ளை நிறத்தில் விரல் நீளம் இருக்கும் அந்த முள். ஆனால் அதே முள்ளை ஒடித்துப் பனையோலையில் குத்தினால் காற்றாடி தயார். காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்டிக் காற்றாடி கெட்டது போங்கள்!

தேரியில் கொல்லாமரங்களும் உண்டு. முந்திரி மரத்துக்கு இங்கே அதுதான் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பழம் தொங்கும். பழத்தைத் தின்றால் தொண்டை கரகரக்கும். சாறு பட்ட சட்டையில் கறை விழுந்தால் அது போகவே போகாது. கொட்டையைச் சுள்ளி நெருப்பில் போட்டுச் சுடும்போது தள்ளி நிற்க வேண்டும். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தெறித்தால் தோல் வெந்துவிடும். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்து உதடு வீங்கிய பையனை ஊர் முழுவதும் ஒரு வாரத்துக்குக் கேலி செய்யும்.

இன்னொரு வேடிக்கை. மழைக்கும் காற்றுக்கும் பிறகு இந்தச் சிவப்பு மணலில் பளபளவென்று சின்னச் சின்னக் கல் சில்லுகள் தலை காட்டும். ஏதோ உடைந்த கண்ணாடி என்று பலர் எறிந்து விடுவார்கள். அவை கற்காலத்து மனிதன் வேட்டைக்காகச் செதுக்கிய கருவிகளாக இருக்கக் கூடும்! ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆராய்ச்சியாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பகுதியில் அவற்றைச் சேகரித்தார். 1956-ல் ஜாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் திருநெல்வேலிச் சீமையின் தேரிகளில் கிடைத்த நுண்கற் கருவிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டில், அன்றைக்கு ஒரு வேடன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறான். பார்த்த சில்லை அங்கேயே விட்டு வருவது நல்லது. இடம் மாறினால் அது வெறும் கல்தான்.

<b>பட்டையில் பதநீர்</b>

பனைக்கு இது வேலைக் காலம். பனையேறும் தொழிலாளி, இருட்டு விலகுமுன்னே மரத்தில் இருப்பார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது வித்தியாசம்!

குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றிக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். முதல் நாள் பட்டணத்துப் பிள்ளைக்கு மூக்கில் ஏறும், சட்டையில் கொட்டும். மூன்றாம் நாள் "இன்னும் ஒரு பட்டை" என்று கேட்கும். ஓலையின் மணமும் சேர்ந்தால்தான் பதநீருக்கு ருசி. டம்ளரில் ஊற்றினால் அது வேறு சாமான்.

மிச்சப் பதநீர் விடிலிக்குப் போகும். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. உள்ளே அனல், ஆனாலும் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். பதநீர் கொதித்துப் பாகாகி, சிரட்டையில் ஊற்றும் பதத்தை அடையும்போது ஒரு ஈர்க்கில் தொட்டு நக்கக் கொடுப்பார்களே, அதற்காகத்தான் காத்திருப்பு! உடன்குடிக் கருப்பட்டி என்றால் நாடு முழுவதும் பெயர். புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த விடிலியில் அடுப்பெரிக்கும் பாட்டியின் பேரன் மரம் ஏறுவானா என்று கேட்டால், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. மரத்தைக் காப்பாற்ற ஏற்பாடு ஆயிற்று. ஏறுகிறவருக்கு ஆள் வேண்டுமே!

நுங்குக்கு வருவோம். சீவிய காயில் கட்டை விரலை விட்டு, ஒரே உறிஞ்சில் உள்ளே இழுப்பது ஒரு கலை. தின்று முடித்த இரண்டு காய்களை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. கைபேசியும் கையுமாக வந்த பையன்கள்கூட இரண்டே நாளில் நுங்கு வண்டிப் பந்தயத்தில் இறங்கி விடுகிறார்கள். வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது. சார்ஜும் போட வேண்டாம்.

<b>முதலில் கிணறு, பிறகுதான் கடல்</b>

வெயில் ஏறிவிட்டால் கிணற்றடிதான். தாய்மாமன் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கி விட்ட காலம் ஒன்று உண்டு. மட்டை உரிக்காத இரண்டு நெற்றுத் தேங்காயைக் கயிற்றில் பிணைத்துக் கட்டுவதும் உண்டு. இப்போது பிளாஸ்டிக் கேன். எதுவானாலும் முறை ஒன்றுதான். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். உள்ளே ஒருவர் கூடவே நீந்துவார். நாலாம் நாள் கேன் கழன்றுவிடும். பத்தாம் நாள் பையன் மேட்டிலிருந்து "தொபுக்கடீர்!" என்று குதிப்பான். பெண் குழந்தைகளும் இப்போது கற்றுக்கொள்கிறார்கள். அதில் பல தாத்தாக்களுக்கு ஆரம்பத்தில் இருந்த தயக்கம் போய்விட்டது.

நீச்சலை ஏன் கடலிலேயே கற்றுக் கொடுப்பதில்லை? கடலோரத்து ஜனங்களைக் கேட்டால் சிரிப்பார்கள். கிணறு அசையாது; கடல் அசையும். கிணற்றில் நீந்தத் தெரிந்தவன் கடலில் நீந்தத் தெரிந்தவன் ஆகிவிட மாட்டான்.

கடற்கரையில் நிற்கும் மீனவப் பெரியவர், தண்ணீரில் இறங்கத் துடிக்கும் பேரனைக் கையைப் பிடித்து நிறுத்துவார்.

"ஏல மக்கா, எங்க எறங்கப் போற?"

"அந்தா, அலையே இல்லாம இருக்கே தாத்தா, அங்க!"

"அங்கதாம்ல எறங்கப்படாது! இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலை வெள்ளையா ஒடையுதா? நடுவுல மட்டும் ஒடையாம சும்மா கெடக்கு பாரு. வந்த தண்ணி பூரா அது வழியாத்தான் திரும்பிப் போவும். ஆளையும் சேத்துக் கொண்டு போயிரும்."

எவ்வளவு பெரிய விஷயம், எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! அலை கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எல்லாம் திரும்ப வேண்டும் அல்லவா? அது ஒரு குறுகிய வாய்க்கால் போல வழி கண்டுபிடித்து, வேகமாகக் கடலுக்குள் ஓடுகிறது. அந்த இடம் ஆழமாக இருப்பதால் அலை அங்கே உடைவதில்லை. பார்ப்பதற்கு அமைதி, உள்ளே இழுவை! குளிக்க வருகிறவர்கள் அமைதியான இடம் என்று அதையே தேடிப் போய் இறங்குகிறார்கள்.

இழுவையில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தக் கூடாது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் களைத்துப் போவான். கரைக்குப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் இழுவை விட்டுவிடும். பிறகு அலையே கரைக்குத் தள்ளும். அதற்கும் முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று கரையில் நிற்பவர் வெறுங்கையோடு பாய்வது இன்னொரு அபாயம். மூடிய காலிக் கேனோ கயிறோ எது கிடைத்தாலும் எறிந்துவிட்டு, மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

<b>கள்ளனைப் போல் வரும் கடல்</b>

கோடையில் அதிகமாக வரும் இன்னொரு விபரீதம் உண்டு. வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. ஆனால் திடீரென்று அலை எழும்பிக் கரை ஏறிவிடும். கேரளத்து மீனவர்கள் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர் வைத்தார்கள். கள்ளனைப் போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் அடிக்கிறது. அதில் எழுந்த நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம் செய்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. புயல் கண்ணுக்குத் தெரியாது. அலை மட்டும் வரும்!

2024 மே 6-ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடலைப் பார்க்கப் போன பிள்ளைகள். கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை அந்த நாட்களில் விடப்பட்டிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இத்தகைய அலைகளை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. மீனவர்கள் அதைக் கேட்டு வள்ளத்தை மேலே இழுத்து வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் காதுக்குத்தான் அது போய்ச் சேருவதில்லை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப் போகும் மாமன்மார், கிளம்புமுன் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். வாய் திறந்து சொல்லிவிடுவார்கள்.

<b>மணப்பாடு முதல் உவரி வரை</b>

கடலை இவ்வளவு பயமுறுத்திவிட்டு, அதன் வேடிக்கையைச் சொல்லாமல் விடலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்க மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் உவரியிலும் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கிடக்கும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய கப்பல் வேண்டுமா? ஏறி உட்கார்ந்து சிங்கப்பூருக்கே போய் வந்துவிடுவார்கள்! மரங்களைக் கயிற்றால் கட்டிய கட்டுமரத்தை இப்போது அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. வெள்ளைக்காரன் அந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்துத் தன் பாஷையில் வைத்துக்கொண்டான். நம் கரையிலோ அதன் இடத்தில் ஃபைபர் வள்ளம் வந்துவிட்டது.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் தடை. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்ற ஏற்பாடு. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது. 2017-ல் 61 நாளாயிற்று. வள்ளங்களுக்குத் தடை இல்லை. ஆகவே விடுமுறைக்கு வந்தவர்களுக்கு மீன் குழம்புக்குக் குறைவில்லை. விலைதான் சற்று அதிகம். விடியற்காலையில் வள்ளம் கரை ஏறும்போது நடக்கும் ஏலத்தைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். சாளை, நெத்திலி, பாறை, விளைமீன் என்று பெயர் சொல்லிக் காட்ட ஆச்சிக்கு ஒரு நாள் போதாது.

மணப்பாட்டில் கடலுக்குள் மூக்கு நீட்டியது போல ஒரு மணற்குன்று. மேலே திருச்சிலுவைக் கோயில். கீழே 1542-ல் புனித சவேரியார் தங்கியிருந்த குகை. குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை சீறும். மறு பக்கம் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மழைக் காலத்தில் மட்டும் ஓடும் கருமேனியாறு கடலில் சேரும் இடமும் அருகேதான். அலைச் சறுக்குப் பலகையோடு வெளியூர் வாலிபர்கள் வருவதும் இந்தப் பக்கம்தான்.

கரையில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் அடம்பங்கொடி. அதைத் தாண்டி ராவணன் மீசை என்ற முள்புல். அந்தப் புல்லின் காய்ந்த கதிர் உருண்டை, காற்றடித்தால் கடகடவென்று மணலில் உருண்டோடும். அதைத் துரத்திப் பிடித்தவன் கெட்டிக்காரன். வளைக்குள் ஓடும் நண்டைத் துரத்துவது அதைவிடக் கடினம்; பிடித்தவனைவிடக் கடி வாங்கியவனே அதிகம். ஊரில் எது ராவணன் மீசை, எது அனுமார் வால் என்று தாத்தாவிடம் கேட்டால் ராமாயணமே நடக்கும்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்களில் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கும். பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும். வெளியூர் ஜனங்கள் சுனாமி நினைப்பில் பயந்து போவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் பாறைக்குப் பாறை தாவுவார்கள். பாசி வழுக்கும், பெரியவர் துணையில்லாமல் விடக் கூடாது.

அங்கேயே நாழிக் கிணற்றையும் பார்த்துவிட வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் எப்படி? மணலில் இறங்கிய மழைத் தண்ணீர் இலேசு. உப்புத் தண்ணீர் கனம். ஆகவே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவாக இறைத்தால் அமுதம். மோட்டார் வைத்து ராப்பகலாக உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். உடன்குடி வட்டாரத்தில் பல கிணறுகளுக்கு அந்தக் கதிதான் நேர்ந்திருக்கிறது. அப்பா குதித்து நீந்திய கிணற்றில் மகன் வாய் கொப்பளித்துவிட்டு "உப்பு!" என்று துப்புகிறான்.

குலசேகரன்பட்டினத்தில் இப்போது பேச்சு எல்லாம் ராக்கெட்டைப் பற்றி. 2024 பிப்ரவரி 28-ல் அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேரே தெற்கே போகலாமாம். "நம்ம தேரியிலிருந்து சந்திரனுக்குப் போவலாமா தாத்தா?" என்று பேத்தி கேட்கிறாள். சிறிய ராக்கெட்டுகளுக்கான இடம் அது என்று அவள் அண்ணன் திருத்துகிறான்.

மே கடைசியில் மூட்டை கட்டும் வேலை ஆரம்பமாகிவிடும். கருப்பட்டிச் சிப்பம், கருவாட்டுப் பொட்டலம், முருங்கைக்காய்க் கட்டு. பையனின் பையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சோழி, சாதாரணச் சிப்பி, காய்ந்த ராவணன் மீசை உருண்டை இருந்தால் போகட்டும். பவளப் பாறைத் துண்டோ, காய்ந்த கடல் குதிரையோ இருந்தால் எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். 1972-ஆம் வருடத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வைத்திருப்பது குற்றம்.

ஜூன் பிறந்ததும் மேல்காற்று எழும்பும். தேரியில் நின்று கண்ணைத் திறக்க முடியாது. மணல் ஊசியாகக் குத்தும். பதநீரும் குறைந்துவிடும். 15-ஆம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும்போது, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.